மூன்று பேருக்கு ஒரே செக்

"படம் வரையறீங்க... சரி. வேலைக்கு எங்கே போறீங்க?"

வங்கி மேனேஜர் கேட்ட கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் விசேஷம். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி, விண்ணப்பத்தில் 'பணிபுரியும் நிறுவனம்' என்ற கட்டத்துக்கு மேலே பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"இதுதான் சார் வேலை. சுவர் விளம்பரம், கடை போர்டு, ரோட்டோர ஹோர்டிங்... எல்லாம் வரையறேன்."

"அது புரியுது மேடம். சம்பளம் யார் குடுக்கறாங்க?"

"வேலை குடுக்கறவங்க."

"மாசா மாசமா?"

மாதா மாதம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவது வாடகை கேட்கிறவர் மட்டும்தான்.

அவர் பேனாவை மூடினார். விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். "சொந்தத் தொழில்னா மூணு வருஷ இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் கொண்டு வாங்க. வீட்டுக் கடன் அப்புறம் பேசலாம்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கதையை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் பலமுறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்; இன்று வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். யாராவது ஒரு பேப்பரை என் பக்கம் திருப்பித் தள்ளினால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகும். அப்பாவிடம் எத்தனை மேஜைகளில் எத்தனை பேப்பர்களை அப்படித் தள்ளினார்கள் என்று பார்த்து வளர்ந்தவள். எழுதத் தெரியாததால்தான் தள்ளுகிறார்கள் என்று நினைத்தேன். நான் எழுதக் கற்றுக்கொண்டால் தள்ள மாட்டார்கள் என்று நினைத்தேன்.

எழுதினேன். தள்ளினார்கள்!

இது சித்திரை மாதம் நடந்தது. வீடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் கேட்க மாட்டார்கள்.

அப்பா திரிசூலம் மலையில் கல் உடைத்தவர். வெடி வைத்துப் பிளந்த பாறையைச் சம்மட்டியால் உடைத்து ஜல்லியாக்குகிற வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான். நாங்கள் குடியிருப்பதும் அந்த மலையின் அடிவாரத்தில். கல் அரைக்கிற கிரஷர் ஓடுகிற நாட்களில் துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் கல் மாவு பூசிக்கொள்ளும். துணிக்கே அந்தக் கதி என்றால் நெஞ்சுக்கு? அப்பா இருமத் தொடங்கிச் சில வருடங்களாகின்றன. தாம்பரம் சானடோரியம் நெஞ்சு ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே வரியில் சொன்னார்: "உள்ளே போன தூசியை எடுக்க முடியாது. இனிமே போகாம பாத்துக்கலாம். அந்த இடத்தை விட்டுப் போயிடுங்க."

எங்கே போவது?

வண்டலூருக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி மனை பிரித்தது. நடுவில் சில சின்ன வீடுகளையும் கட்டி விற்றது. ஒரு ஹால், ஒரு அறை, சமையல்கட்டு, பின்னால் ஒரு முருங்கை. சுற்றிலும் காடும் காற்றும். அந்த நகருக்கு போர்டு வரைந்ததே நான்தான். சிரிக்கிற அப்பா, சிரிக்கிற அம்மா, பந்து வைத்திருக்கிற பாப்பா, பின்னால் சிவப்புக் கூரை போட்ட வீடு. நம் பக்கத்தில் எந்த வீட்டுக்கு அப்படிச் சிவப்புக் கூரை இருக்கிறது? ஆனாலும் எல்லாக் கம்பெனிக்காரரும் அதையேதான் கேட்பார்கள்.

அந்த போர்டை முடித்துச் சாரத்திலிருந்து இறங்கிய அன்றுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. மற்றவர்களுக்கு எத்தனை வீடு வரைந்து கொடுத்தாயிற்று... நமக்கு ஒன்று?

கம்பெனிக்காரர் நல்ல மாதிரி பேசினார். "நீ நம்ம ஆளும்மா. கடைசி வீட்டை உனக்காக நிறுத்தி வைக்கறேன். ஆனி முடியறதுக்குள்ள லோன் பேப்பரோட வந்துடு. ஆடி பொறந்தா எவனும் ரெஜிஸ்டர் பண்ண மாட்டான். அப்புறம் என்னால வெச்சிருக்க முடியாது."

அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அழைத்துப் போய்க் காட்டினேன். முருங்கையைத் தொட்டுப் பார்த்தார். விடியற்காலையில் மிருகக்காட்சிச் சாலைச் சிங்கம் உறுமுவது இங்கே வரை கேட்கும் என்று வாட்ச்மேன் சொன்னான். அப்பா சிரித்தார்.

"அது உறுமினா எனக்கு இன்னா? நான் இருமறதுல அந்த சிங்கத்துக்குத்தான் பேஜாரு."

சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. வாசல்படியில் உட்கார வைத்தேன். எழுந்திருக்க நேரமாயிற்று.

ஆக, எனக்கு வேண்டியது ரிட்டர்ன். அதுவரை வருமான வரி என்றால் பணக்காரர்களுக்கு வரும் வியாதி என்றுதான் நினைத்திருந்தேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் வரதன் சார் என்று ஓர் ஆடிட்டர். தொழில் செய்கிறவர்களின் வரிக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். என் பாஸ் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பெயின்ட் கடை பில் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஆனால் பின்பக்கமெல்லாம் நான் ஸ்கெட்ச் போட்டு வைத்திருந்தேன். ஒரு பில்லைத் திருப்பிப் பார்த்தார். மீசை வைத்த ஒரு ஜவுளிக்கடை முதலாளி அவரை முறைத்தார்.

"பரவாயில்ல. முன்பக்கம் தெரியுது" என்று வைத்துக்கொண்டார். பிறகு பாஸ் புத்தகத்தில் விரலை வைத்து, "ஏம்மா! போர்டு வரையறதுல இவ்வளவா வருது? நான் தப்பான தொழிலுக்கு வந்துட்டேன் போலிருக்கே!" என்றார்.

"சார், அது என் காசு இல்ல. மூணு பேர் காசு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினால் நல்லதுக்கில்லை என்று இப்போது தெரியும். அப்போது தெரியாது.

எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வேலை எடுக்கிறோம். படம் நான். எழுத்து தாஸ் அண்ணா. சாரம் கட்டுவது, சுவரைச் சுரண்டி வெள்ளையடித்துத் தயார் செய்வது, பின்னணி வண்ணம் பூசுவது எல்லாம் ஆரோக்கியம். பெருங்களத்தூரிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ரோட்டின் இரண்டு பக்கமும் நீங்கள் பஸ்ஸில் போகும்போது படித்துக்கொண்டு போகும் பாதி எழுத்து தாஸ் அண்ணாவுடையது. ஸ்கேல் வைக்க மாட்டார். நூல் பிடிக்க மாட்டார். ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு 'ழ' போடுவார் பாருங்கள், வளைவில் பிரஷ் ஒரு இடத்தில்கூடத் தயங்கியிருக்காது.

முன்பெல்லாம் கூலி கையில் வரும். ரியல் எஸ்டேட் கம்பெனிகள் வந்த பிறகு, கணக்குக்கு வேண்டும் என்று, செக்தான். அதுவும் கோடு போட்ட செக். கணக்கில் போட்டுத்தான் எடுக்க முடியும். எங்கள் மூவரில் வங்கிக் கணக்கு யாருக்கு இருந்தது? எனக்கு மட்டும். கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பணம் வாங்குவதற்காகத் திறந்த கணக்கு.

"தங்கச்சி பேர்லயே எழுதிடு சார். அது படிச்ச பொண்ணு" என்று தாஸ் அண்ணா கம்பெனிக்காரரிடம் சொன்னார். அன்று எனக்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்? இரண்டு ஆம்பிளைகளின் உழைப்பு என் கையெழுத்தில் காசாகிறது! செக்கின் பின்னால் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு, பணத்தை எடுத்து வந்து, தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்துப் பிரித்துக்கொள்வோம். அவரவர் பங்கு அவரவருக்கு. ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

"சரி, அவங்களுக்குக் குடுத்ததுக்கு வவுச்சர் எங்கே?" என்றார் வரதன் சார். "கையெழுத்து, ரெவின்யூ ஸ்டாம்ப்?"

கூட ஏணியில் நிற்கிற மனுஷரிடம், 'பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடு' என்று கேட்பதா? சந்தேகப்படுகிற மாதிரி ஆகாதா? எங்கள் தொழிலில் காசு கைமாறினால் டீதான் சாட்சி. இதைச் சொன்னேன்.

"டிபார்ட்மென்ட்ல டீயை சாட்சியா ஏத்துக்க மாட்டாங்கம்மா" என்றார். சிரிக்கவில்லை. "செக் உன் பேர்ல. கணக்கு உன் பேர்ல. அப்போ வருமானமும் உன்னுது. இதுல ரெண்டு வழி இருக்கு. கேளு."

கேட்டேன்.

முதல் வழி. அவர்கள் இரண்டு பேரும் வாங்கிய பங்குக்கு இப்போதாவது ரசீது கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அப்போது அது எனக்குச் செலவு. என் வருமானம் என் பங்கு மட்டும்தான். வரி வராது, கம்பெனி வரிக்கென்று ஏற்கெனவே பிடித்துக்கொண்ட கொஞ்சமும் திரும்பி வரும். ஆனால்... சின்ன வருமானம். அதை வைத்து யாரும் அவசரமாகக் கடன் தர மாட்டார்கள். மேனேஜர் சொன்னபடி மூன்று வருடம் ரிட்டர்ன் போட்டுவிட்டுப் போய் நிற்க வேண்டும்.

இரண்டாவது வழி. எல்லாவற்றையும் என் வருமானம் என்றே காட்டுவது. வரி கட்ட வேண்டியிருக்கும். சேமிப்பில் ஒரு பகுதி போகும். "ஆனா பெரிய வருமானம்னா ஒரு வருஷ ரிட்டர்ன் போதும். அந்த மேனேஜர் எனக்குப் பழக்கம்தான், மேல எழுதிப் பார்க்கச் சொல்றேன். ஆனிக்குள்ள லோன் வந்துடும்."

"அது பொய் இல்லையா சார்?"

"யாரு பொய்ங்கறது? பேப்பர் சொல்றதைத்தானே நீயும் சொல்றே? ஒண்ணு மட்டும் பாத்துக்கோ. ஒரு வருஷம் காட்டினா அடுத்த வருஷமும் காட்டணும். அதனால செக் எல்லாம் எப்பவும் உன் பேர்லயே வரணும். அவங்க பேர்ல தனியா வர விட்டுடாதே."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். பீஸ்கூட அப்புறம் கொடு என்றார்.

படியிறங்கி வரும்போது எனக்குள் முடிவே ஆகிவிட்டது. இரண்டாவது வழிதான். யாருக்கு என்ன நஷ்டம்? தாஸ் அண்ணாவுக்கும் ஆரோக்கியத்துக்கும் அவர்கள் காசு எப்போதும்போல் வந்துகொண்டுதான் இருக்கும். வரி நான் கட்டுகிறேன். அப்பாவுக்குக் காற்று கிடைக்கும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. ரொம்ப சந்தோஷப்பட்டார்.

"கரெக்டு கண்ணு. முழுசும் உன் பேர்லயே போட்டுக்க. எவன் கேக்கப் போறான்? எங்க மேஸ்திரியும் அப்டித்தான் போட்டான். இன்னிக்கு பாரு, பல்லாவரத்துல மாடி வூடு கட்டிக்கினு கீறான்."

"மேஸ்திரி என்னப்பா போட்டார்?"

"கணக்குதான். குவாரில எங்க கூலி மொத்தமும் அவன்தான் வாங்குவான். அவன் பேரைப் போட்டு, பக்கத்துல 'மற்றும் ஆட்கள்'னு எழுதிடுவாங்க. அவ்ளோதான். எங்க பேரை எவன் எழுதிக்கினு இருப்பான்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும்... துட்டு மட்டும் கரெக்டா பிரிச்சிக் குடுத்துடுவான். நல்ல மனுசன்."

நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவில்லை. போன வருடம், கல் தூசியால் நெஞ்சு கெட்டவர்களுக்கு ஏதோ உதவிப் பணம் உண்டு என்று யாரோ சொல்லக் கேட்டு அப்பாவை அழைத்துக்கொண்டு அலைந்தேன். எங்கே போனாலும் ஒரே கேள்வி. 'குவாரியில் வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம்?' அப்பா கையை நீட்டிக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. பேப்பர் கேட்டார்கள். பேப்பர் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. குவாரி முதலாளியைத் திட்டினேன். அரசாங்கத்தைத் திட்டினேன்.

இப்போது புரிந்தது. மேஸ்திரி ஒரு காசு திருடவில்லை. பிரித்துச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். பெயரை மட்டும் அவரே வைத்துக்கொண்டார். ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்க மலையை உடைத்தான். அவன் உடைத்தான் என்று சொல்ல அந்தப் பாறைகூட மிச்சமில்லை.

மேஸ்திரிக்கு மாடி வீடு. அப்பாவுக்கு 'மற்றும் ஆட்கள்'.

நான் செய்யப் போவது என்ன?

தாஸ் அண்ணா போன வருடம் தவணையில் ஒரு மொபெட் வாங்கப் போனார். ஏணியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வருவது வயசுக்கு முடியவில்லை. வருமானத்துக்கு ஆதாரம் கேட்டார்களாம். "ரோட்டுக்கு வந்து பாருங்கடா, மொத்தமும் என் ஆதாரம்தான்டான்னேன். வெளிய போன்னுட்டாங்க" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவருடைய ஆதாரம் என் பாஸ் புத்தகத்தில் இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? படித்தவள் நானல்லவா?

மறுநாள் பெருங்களத்தூரில் ஒரு சுவர். தாஸ் அண்ணா சிமென்ட் விளம்பரத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் கீழே வண்ணம் கலக்கிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி, ரசீதில் கையெழுத்துக் கேட்டேன்.

தாஸ் அண்ணா பிரஷை நிறுத்தவில்லை. "இன்கம்டாக்ஸா? எனுக்கு வாணாம்ப்பா. நாளைக்கு ரெய்டுன்னு வந்து பீரோவ ஒடைப்பானுங்க."

"உங்க வீட்ல பீரோவே கிடையாதே அண்ணா!"

"அதான் பயமா கீது. பீரோ இல்லன்னா வேற எதையாவது ஒடைப்பான்ல?"

ஆரோக்கியம் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் தாஸ் அண்ணா ஏணியிலிருந்து இறங்கினார். குரல் மாறிவிட்டது.

"இதோ பாரு தங்கச்சி. செக்கு உன் பேர்ல எழுதும்போது இன்னா சொன்னே? 'நான் பாத்துக்கறேன்'னு சொன்னேல்ல? அப்ப நீ படிச்சவ. இப்ப மாட்டிக்கினதும் எங்களையும் சேத்து இழுக்கறியா?"

வலித்தது. பாதி உண்மை என்பதால் கூடுதலாக வலித்தது.

"நீங்க கையெழுத்துப் போடலன்னா எனக்கு லாபம்தான் அண்ணா" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு வழி, வண்டலூர் வீடு, ஆனிக் கெடு, எல்லாம். "போடலன்னா மொத்தமும் என் வருமானம்னு ஆயிடும். கவர்மென்ட் கணக்குல இந்த ரோடு முழுக்க வேலை செஞ்சது நான் ஒருத்திதான். உங்க எழுத்தும் நான் எழுதினதா ஆயிடும். எனக்கு வீடு கிடைக்கும்."

அவர் பிரஷை டப்பாவில் போட்டார்.

"இன்னாது? என் எழுத்து நீ எழுதினதா?"

"பேப்பர்ல அப்படித்தான் இருக்கும்."

"நீயா? போன மாசம் ஒரு 'ஜ' போட்டியே, வயித்து வலி வந்தவன் மாதிரி வளைஞ்சிக்கினு... நீ எழுதினதுன்னு அவன் எழுதிப்பானா?" நிஜமாகவே கோபம். ஆரோக்கியத்தைப் பார்த்தார். "டேய், கேட்டியா? பொம்மை போடற பொண்ணு, லெட்டரிங்கும் இது போட்டுச்சாம்!"

"அப்ப சுவருக்கு வெள்ளையடிச்சதும் அக்காதானா?" என்றான் ஆரோக்கியம். "எல்லாப் புகழும் அக்காவுக்கே. நான் சும்மா வேடிக்கை பாத்துகினு இருந்தேன்."

"குடு அந்த பேப்பர" என்றார் தாஸ் அண்ணா.

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதுகளை ஏணிப் படியில் வைத்துக்கொண்டார். பேனா வேண்டாம் என்றார். மெல்லிய பிரஷை எடுத்தார். ஸ்டாம்பின் மேல் பாதி, பேப்பரில் பாதியாக, 'தாஸ்' என்று எழுதினார். எழுதிவிட்டு விட்டாரா? ஒவ்வொரு எழுத்துக்கும் வலது பக்கம் நிழல் வேறு கொடுத்தார், ஹோர்டிங்கில் கொடுப்பதைப்போல. பிறகு தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"காயற வரைக்கும் மடிக்காதே" என்றார்.

ஆரோக்கியம் தன் ரசீதுகளில் பேனாவாலேயே போட்டான். தாஸ் அண்ணா போட்டதைப் பார்த்துவிட்டு வரதன் சார் சொன்னது: "இத்தனை வருஷத்துல நிழல் விழற கையெழுத்து இப்பத்தான்மா பாக்கறேன்." அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னார். "நல்லா யோசிச்சிட்டியா? வீடு போயிடும்."

யோசித்தேன் சார். யோசிக்காமலா?

நான் பெரிய தியாகம் செய்துவிட்டதாகத் தயவுசெய்து யாரும் கடிதம் எழுத வேண்டாம். தியாகம் செய்தது நானில்லை. மலையடிவாரத்தில் தலையணைக்குச் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்குகிறவர். என் நியாயத்துக்கு விலை கொடுப்பது அவருடைய நெஞ்சு. அவரிடம் நான் அனுமதிகூடக் கேட்கவில்லை. லோன் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "இன்னா கண்ணு, படிச்ச உனுக்கே இல்லன்னுட்டானா?" என்று கேட்டார். இரண்டு நாள் அந்தக் கேள்வியோடுதான் சாப்பிட்டேன்.

ஆனி முடிந்தது. போன வாரம் கம்பெனிக்காரர் கூப்பிட்டனுப்பினார். கடைசி வீடும் போய்விட்டதாம். யாரோ ஒரு ஸ்கூல் வாத்தியார் தம்பதி. மாதச் சம்பளம், சட்டென்று லோன் கிடைத்துவிட்டது. வருத்தப்பட்டார். பிறகு, "உன்னால ஒரு வேலை ஆகணும்மா" என்றார்.

வேலை என்ன தெரியுமா? நான் வரைந்த அதே போர்டின் குறுக்கே, சிரிக்கிற அப்பா அம்மா மேலேயே, 'விற்றுத் தீர்ந்தது' என்று பட்டை அடித்து எழுத வேண்டும்.

ஆரோக்கியம் சாரம் கட்டினான். நான் சிவப்புப் பட்டை அடித்தேன். எழுத்து தாஸ் அண்ணா. ஏணியில் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்து, "நான் வேணா வராம இருந்துடவா தங்கச்சி? வேற யாரையாவது எழுதச் சொல்லேன்" என்றார்.

"வேற யார் எழுதினாலும் நல்லா இருக்காது அண்ணா. எழுதுங்க."

எழுதினார். அந்த 'ற்று'வில் இருக்கும் சுழியைப் பாருங்கள், அவ்வளவு அழகு. வண்டலூர்ப் பக்கம் போகிறவர்கள் இடது பக்கம் பார்க்கலாம்.

அந்த வேலைக்கான கூலி மூன்று செக்காக வந்தது. கம்பெனிக்காரர் முணுமுணுத்தார். "ஒரு போர்டுக்கு மூணு செக் எழுதணும்னா நான் கிளார்க்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்." அடுத்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தாலும் கொடுப்பார். கொடுக்கட்டும்... என்று தைரியமாகச் சொல்லத்தான் ஆசை. உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது.

கணக்குத் திறக்க, ஏற்கெனவே கணக்கு இருக்கிற ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தாஸ் அண்ணாவுக்கும் ஆரோக்கியத்துக்கும் நான் போட்டேன். அதே வங்கி. அதே மேனேஜர். தாஸ் அண்ணாவின் விண்ணப்பத்தை எடுத்தார். 'தொழில்' என்ற கட்டத்துக்கு மேலே பேனாவை நிறுத்தினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த முறை வேலைக்கு எங்கே போகிறார் என்று கேட்கவில்லை. 'எழுத்து ஓவியர்' என்று அவரே எழுதிக்கொண்டார்.

தாஸ் அண்ணா வெளியே வந்ததும் பாஸ் புத்தகத்தைத் திறந்து, தன் பெயரைப் பார்த்து, "எழுத்து சரியில்ல" என்றார்.

டாக்டரிடம் கேட்டால், இன்னும் எத்தனை நாள் என்றெல்லாம் சொல்ல முடியாது, தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறார். ஜன்னலுக்கு ஈரத் துணி கட்டியிருக்கிறேன். சாயங்காலத்துக்குள் அது வெள்ளையாகிவிடுகிறது. அலசினால் பக்கெட்டின் அடியில் மலை படிகிறது.

மேனேஜர் சார் இந்தப் பத்தியைப் படிப்பாரா, தெரியாது. படித்தால் அவருக்கு ஒரு தகவல். திங்கட்கிழமை வருமான வரி அலுவலகத்தில் வரிசையில் நின்று, என் பங்கை மட்டும் என் வருமானமாகக் காட்டி, 'தொழில்: ஓவியர்' என்று எழுதி, சீல் வாங்கி வந்துவிட்டேன்.

மூன்று ரிட்டர்னில் ஒன்று போட்டாயிற்று சார். இன்னும் இரண்டுதான். அப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ.